விசைப்பலகையைத் தேர்ந்தெடுப்பவர் யார்? தட்டச்சுப்பொறி முதல் கைக்கோப்புப் பலகை வரை

முதன்முதலாக ஓர் இயந்திர விசைப்பலகையைப் பகுதி பகுதியாக வாங்கித் தாமே கோத்துக்கொள்ள முனையும் மாணவர் முன்னே சில கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. எத்தனை விசைகள் வேண்டும்? சுவிட்ச் வழுவழுப்பாக இறங்க வேண்டுமா, நடுவில் சிறு தடையை விரலுக்கு உணர்த்த வேண்டுமா, சொடுக்கொலி எழுப்ப வேண்டுமா? உறை அலுமினியத்தாலானதா, பிளாஸ்டிக்காலானதா? விசைமூடி ஏபிஎஸ்ஸா, பிபிடியா? இவை யாவும் ரசனை சார்ந்தவையாகவே இன்று பேசப்படுகின்றன. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை கடந்த 150 ஆண்டுகளில் ஏதேனும் ஓர் ஆலையோ, அலுவலகமோ, தேர்வாணையமோ விடை கூறி முடித்துவைத்த கேள்விகள். தட்டச்சு செய்பவரிடம் அவை கேட்கப்பட்டதில்லை. இந்திய மொழிகளில் எழுதுபவரிடம் இன்றுங்கூடக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பலகையில் எந்த எழுத்தை எழுதப்போகிறீர்கள்? அக்கேள்வி பட்டியலிலிருந்து விடுபட்டது எவ்வாறு என்பதை அறிய விசைப்பலகையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிக் காண வேண்டும்.

வரிசையின் பிறப்பு

1868 ஜூன் 23 அன்று கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ், கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூல் ஆகிய மூவருக்கு அமெரிக்காவில் தட்டச்சுப்பொறிக்கான காப்புரிமை வழங்கப்பெற்றது. நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகரில் துப்பாக்கிகள் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் அப்பொறியைச் செம்மைப்படுத்தி 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. 1878இல் வந்த ரெமிங்டனின் இரண்டாம் மாதிரி, ஷிஃப்ட் விசையின் துணையால் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒரே விசையில் அமர்த்தியது. குவெர்ட்டி என இன்று வழங்கும் வரிசை அப்பொறிகளின் வழியாகவே நிலைபெற்றது.

விசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் நில்லாமல் வரிசைக்கு வரிசை சற்று விலகி நிற்பதும் அக்காலத்தின் எச்சமே. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் சென்றது. கீழ்வரிசை விசையின் நெம்புகோலும் மேல்வரிசை விசையின் நெம்புகோலும் ஒன்றோடொன்று உரசாதிருக்க விசைகளை விலக்கி வைக்க வேண்டியிருந்தது. மின்சுற்றுப் பலகையில் நெம்புகோல் இல்லை. விலகல் மட்டும் எஞ்சியிருக்கிறது.

குவெர்ட்டி வரிசை ஏன் இவ்வாறு அமைந்தது என்பது இன்னும் தீராத விவாதம். எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காதிருக்க இவ்வாறு அமைக்கப்பட்டது என்பது பரவலான விளக்கம். கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோய்ச்சி யாசுவோக்கா, மோட்டோகோ யாசுவோக்கா இருவரும் 2011இல் இதை மறுத்து, தந்திச் செய்திகளைக் கேட்டு எழுதிய பணியாளர்களின் தேவையே இவ்வரிசையை வடிவமைத்தது என வாதிட்டனர். 1936இல் ஆகஸ்ட் டுவோரக் மாற்று வரிசை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார், அது பரவவில்லை.

இதைப் பொருளியலின் கேள்வியாக மாற்றியவர் பால் டேவிட். ஒரு தொழில்நுட்பம் தற்செயலாக முந்திக்கொண்டால், அதைவிடச் சிறந்தது பின்னர் வந்தாலும் சமூகம் பழைய தடத்திலேயே பூட்டப்பட்டுவிடும் என்பதற்கு 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் குவெர்ட்டியை அவர் சான்றாக்கினார். டுவோரக் வரிசை சிறந்தது என்பதற்கான சான்றே வலுவற்றது என 1990இல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் இருவரும் மறுத்தனர். வகுப்பறைகளில் இன்றும் இவ்விரு கட்டுரைகளும் இணைத்தே படிக்கப்படுகின்றன. இரண்டும் ஆங்கிலம் என்னும் ஒரே மொழியையும் சந்தை என்னும் ஒரே களத்தையும் கொண்டு பேசுபவை. பல எழுத்துகள் வழங்கும் நாட்டில், அரசே வரிசையை வகுத்தளித்த சூழலில், அதே பூட்டு எவ்வாறு செயல்பட்டது என்பதை இந்திய வரலாறு காட்டுகிறது.

இந்திய அலுவலகமும் 46 விசைகளும்

இந்தியாவில் முற்றிலும் உள்நாட்டிலேயே உருவான தட்டச்சுப்பொறியைப் பம்பாயின் கோத்ரேஜ் அண்டு பாய்ஸ் நிறுவனம் 1955இல் வெளியிட்டது. தன்னிறைவின் அடையாளமாக அது போற்றப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் நீதிமன்ற வாயில்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் தெருமுனைத் தட்டச்சுப் பயிலகங்களிலும் இப்பொறிகளே ஒலித்தன. பெண்கள் அலுவலகப் பணிக்குள் நுழைந்த வாயில்களுள் தட்டச்சுச் சான்றிதழும் ஒன்று. கோத்ரேஜ் தன் உற்பத்தியை நிறுத்தியது 2009இல்.

வழக்கமான பொறியில் 44 முதல் 46 விசைகள் இருந்தன. ஷிஃப்ட் விசையோடு சேர்த்தால் 88 முதல் 92 குறிகள். ஆங்கிலத்துக்கு இது தாராளம். தேவநாகரிக்கு இது நெருக்கடி. உயிரெழுத்துகள், உயிர்க்குறிகள், மெய்கள், கூட்டெழுத்துகளுக்கான அரைவடிவங்கள் யாவும் அந்த 92 இடங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. சில குறிகளை அடிக்கும்போது தாள் நகராதவாறு விசைகள் அமைக்கப்பட்டன; அடுத்த எழுத்து அதே இடத்தில் விழுந்து இரண்டும் இணையும். தேவநாகரியின் குறில் இகரக்குறி மெய்க்கு இடப்புறம் நிற்பது. ஆகவே உச்சரிப்பில் பின்னர் வரும் அதை முதலில் அடிக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னரே அடிக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். கை எழுதிய வரிசை கண் கண்ட வடிவத்தின் வரிசை. காது கேட்டதன் வரிசை அன்று.

பொறிக்காக எழுத்தையே மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் எழுந்தது. 1953இல் லக்னோவில் கூடிய தேவநாகரிச் சீர்திருத்த மாநாடு, குறில் இகரக்குறியை மெய்யின் வலப்புறத்துக்கு மாற்றும் பரிந்துரையை ஏற்றது. அச்சு, தட்டச்சு ஆகியவற்றின் வசதி அக்கால எழுத்துச் சீர்திருத்த முயற்சிகளின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. மக்கள் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. விசை எண்ணிக்கை என்பது வெறும் பொறியியல் அளவன்று, ஒரு மொழியின் எழுத்துருவையே அசைத்துப் பார்க்கக்கூடியது என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

ஒலியின் வரிசை

கணினி வந்தபின் இந்நெருக்கடி பெருமளவு தளர்ந்தது. கூட்டெழுத்துகளை உருவாக்கும் பணியை மென்பொருள் ஏற்றுக்கொண்டதால் விசைகளில் அடிப்படை எழுத்துகள் மட்டும் இருந்தால் போதும் என்ற நிலை உருவாயிற்று. கான்பூர் ஐஐடியில் 1980களின் முற்பகுதியில் நடந்த ஆய்வுகளும், பின்னர் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் அவை அடைந்த வளர்ச்சியும் இத்திசையில் சென்றன. மத்திய அரசின் மின்னணுத் துறை 1986இல் இன்ஸ்கிரிப்ட் என்னும் விசை அமைப்பைத் தரப்படுத்தியது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட ஐஎஸ் 13194 என்னும் இஸ்கி குறியீட்டுத் தரத்தில் அதுவும் இடம்பெற்றது.

இன்ஸ்கிரிப்ட்டின் அடிப்படைக் கருத்து எளியது. பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துகள் வடிவில் வேறுபட்டாலும் ஒலி வரிசையில் ஒத்தவை. ஆகவே உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்தன. ககரம் எல்லா மொழிகளிலும் ஆங்கிலக் 'கே' விசையில் நின்றது. தேவநாகரியில் அதன் மூச்சொலி இணை அதே விசையில் ஷிஃப்டுடன் வந்தது. மெய்யைப் புள்ளியிட்டு நிறுத்தும் குறி 'டி' விசையில் அமைந்தது. மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் அடிப்பதால் எழுதும் வரிசை பேசும் வரிசையோடு ஒன்றியது. வங்காளத்தில் தட்டச்சு கற்றவர் அதே விரலசைவில் தெலுங்கையோ மலையாளத்தையோ அடிக்க முடியும். இந்திய எழுத்துகளின் உறவை இவ்வளவு தெளிவாக ஒரு கருவியில் பதிவுசெய்த முயற்சி வேறில்லை எனலாம்.

ஆயினும் இது மக்கள் கையில் முழுமையாகப் புழங்கவில்லை. பயிலகங்களில் ரெமிங்டன் அமைப்பைக் கற்றவர்களே கணினி அச்சகங்களுக்குச் சென்றனர். அவர்களுக்காகக் குருதிதேவ் போன்ற எழுத்துருக்கள் பழைய தட்டச்சுப்பொறியின் வரிசையையே கணினித் திரைக்கு ஏற்றின. பின்னர் வந்த இளையோர் ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறைக்குச் சென்றனர். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்தர் நிலைத் திறன்தேர்வில் ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 35 சொற்கள், இந்திக்கு 30 சொற்கள் என்பது வரையறை. இந்தியில் எழுதுபவர்க்கு இன்ஸ்கிரிப்ட், ரெமிங்டன் ஆகிய இரண்டு அமைப்புகளும் அனுமதிக்கப்படுகின்றன. எழுத்துக் கம்பிகள் மறைந்து பல்லாண்டுகள் ஆனபின்னும் அவற்றின் வரிசையில் தேர்ச்சி பெற்றால் வேலை கிடைக்கிறது.

பால் டேவிட்டின் கேள்விக்கு இந்தியா தரும் விடை இங்கே உள்ளது. இந்தியாவில் வரிசையைப் பூட்டியது பொறியின் அமைப்போ சந்தையின் தற்செயலோ மட்டும் அன்று. கற்ற விரல், அவ்விரலுக்குச் சான்றிதழ் தந்த தேர்வு, அச்சான்றிதழை நம்பி வாழ்ந்த குடும்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தே பூட்டின. தரத்தை அறிவிப்பது அரசுக்கு எளிதாயிற்று. ஒருவர் இரண்டு ஆண்டுகள் பயின்ற திறனை விட்டுவிடச் சொல்வது எளிதாகவில்லை. அவ்வாறு விடச் சொல்வது நியாயமும் அன்று.

விரலின் உணர்வு

வரிசை ஒருபுறம் இவ்வாறு நிலைபெற, விசையின் உணர்வு வேறொரு பாதையில் சென்றது. 1978இல் ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹாரிஸ் பெற்ற காப்புரிமை, அழுத்தும்போது பக்கவாட்டில் மடியும் சுருள்வில்லை விசைக்குள் வைத்தது. 1981இல் ஐபிஎம் கணினியோடு வந்த பலகையும் 1985இல் வந்த மாடல் எம் பலகையும் அந்த வில்லின் ஒலியாலும் உறுதியாலும் பெயர்பெற்றவை. தட்டச்சுப்பொறியில் பழகிய விரலுக்கு எழுத்து விழுந்தது என்ற உறுதியை அவை அளித்தன. 1980களில் செர்ரி நிறுவனம் எம்எக்ஸ் என்னும் சுவிட்சை அறிமுகப்படுத்தியது. மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் அச்சுவிட்ச் 2 மில்லிமீட்டர் அளவிலேயே எழுத்தைப் பதிவுசெய்யும். சிவப்பு வகை தடையின்றி இறங்கும். பழுப்பு தடையை உணர்த்தும். நீலம் சொடுக்கொலி எழுப்பும்.

1990களில் கணினியின் விலை வீழ்ந்தபோது செலவு குறைக்கப்பட்ட முதல் பகுதிகளுள் விசைப்பலகையும் ஒன்று. ரப்பர்க் குமிழ்கள் வில்லின் இடத்தைப் பிடித்தன. மேலை நாடுகளில் இயந்திர விசைப்பலகை ஏறத்தாழ மறைந்து, பின்னர் விளையாட்டாளர்களாலும் ஆர்வலர்களாலும் மீட்கப்பட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. இந்தியாவில் கதை வேறு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கோல்டு வரிசைப் பலகைகள் செர்ரி நீல சுவிட்சுகளோடு அலுவலகங்களிலும் கடைகளின் கணக்கு மேசைகளிலும் தொடர்ந்து ஒலித்தன. நாள்முழுதும் எண்களையும் பெயர்களையும் அடிப்பவருக்கு உழைக்கும் கருவி தேவைப்பட்டது. அதை எவரும் ஆடம்பரம் எனக் கருதவில்லை. இன்றைய இந்திய ஆர்வலர் பலருக்கு அதுவே முதல் இயந்திர விசைப்பலகை.

செர்ரியின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியானபின் கேட்டரான், கைல் முதலிய சீன நிறுவனங்கள் அதே சிலுவை வடிவத் தண்டுடைய சுவிட்சுகளைப் பல வகைகளில் தயாரித்தன. ஒரு நிறுவனத்தின் சுவிட்சில் மற்றொரு நிறுவனத்தின் விசைமூடி பொருந்தியது. தகடு, மின்சுற்றுப் பலகை, சுவிட்ச், விசைமூடி, உறை என ஒவ்வொன்றையும் தனித்தனியே தேர்ந்து கோக்கும் இன்றைய வழக்கம் இந்தப் பொதுப் பொருத்தத்தின்மேல் எழுந்தது.

கோப்பவர் கைக்கு வந்தது

ஜூன் வாக்கோவின் டிஎம்கே நிலைபொருளும் அதிலிருந்து கிளைத்த கியூஎம்கே நிலைபொருளும் எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பயனரின் முடிவுக்கு விட்டன. ஷோல்ஸ் காலம் முதல் வரிசையை முடிவு செய்தது ஆலை; இப்போது அதைக் கோப்பவரே முடிவு செய்யலாம்.

இவ்விடத்தில் பலர் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. அழுத்தப்பட்டது எந்த இடத்து விசை என்ற எண்ணை அனுப்புகிறது. அதை எழுத்தாக மாற்றுவது இயங்குதளம். 2000ஆம் ஆண்டு விண்டோஸிலேயே இந்திக்கும் தமிழுக்கும் இன்ஸ்கிரிப்ட் இருந்தது. எனவே இந்திய மொழியில் எழுத தனிப்பட்ட மின்சுற்றுப் பலகை எதுவும் வேண்டியதில்லை. இரண்டே நிபந்தனைகள்தாம்: தேவையான இடங்களில் விசைகள் இருக்க வேண்டும்; கற்றுக்கொள்ளும் காலத்திலாவது அவற்றின்மேல் எழுத்து தெரிய வேண்டும்.

முதல் நிபந்தனை பலகையின் அளவைப் பொறுத்தது. முழுப் பலகையில் 104 விசைகள். எண்பகுதி நீங்கியதில் 87. 60 விழுக்காடு எனப்படுவதில் ஏறத்தாழ 61. அதனினும் சிறிய 40 விழுக்காடு பலகைகள் எண்வரிசையையும் சதுர அடைப்புக்குறி விசைகளையும் நீக்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அவை நிறுத்தற்குறிகள், இழப்பு சிறிது. இன்ஸ்கிரிப்ட்டில் எழுதுபவருக்குத் தேவநாகரியின் டகர வரிசை மெய் ஒன்று அங்கே இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 அமைப்பில் சகரமும் ஞகரமும் அவ்விரு விசைகளில்தாம் உள்ளன; நகரமும் யகரமும் அரைப்புள்ளி, மேற்கோள் விசைகளில் உள்ளன; ழகரம் சாய்கோட்டு விசையில் உள்ளது. கச்சிதம் கருதி நீக்கப்படும் விசை ஒரு மொழிக்கு மெய்யெழுத்து. 92 குறிகளுக்குள் தேவநாகரியை அடைக்க முயன்ற காலத்தின் நெருக்கடியை, இம்முறை எவரும் வற்புறுத்தாமலே, பயனர் தாமே விலைகொடுத்து வாங்கிக்கொள்வதாகவும் அது முடியக்கூடும்.

இரண்டாம் நிபந்தனை விசைமூடியைப் பொறுத்தது. ஹிரகானா, சிரிலிக் எழுத்துகள் பொறித்த மூடித் தொகுதிகள் கடைகளில் எளிதில் காணக்கிடைக்கின்றன. இந்திய எழுத்துகள் பொறித்தவை அரிது. இதற்கு உற்பத்தி முறையும் ஒரு காரணம். இருநிறப் பிளாஸ்டிக்கை இரண்டு முறை வார்த்துச் செய்யும் மூடியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அச்சுவார்ப்பு வேண்டும். சிறிய எண்ணிக்கைக்கு அது கட்டுப்படியாகாது. பிபிடி மூடியின்மேல் வெப்பத்தால் சாயத்தை ஊடுருவச் செய்யும் முறையில் வார்ப்பு ஒன்றே, படம் மட்டும் மாறும். இவ்வகையில் வெளிர்நிற மூடியில் கருநிற எழுத்து அமைவதே இயல்பு. ஒரு பல்கலைக்கழகத்தின் மொழித்துறை மாணவர்கள் சிலர் சேர்ந்தால்கூடத் தம் எழுத்தில் மூடி செய்துகொள்வது இம்முறையில் இயலாததன்று.

முதற்பலகைக்கான வரிசை

இவ்வரலாற்றிலிருந்து முதற்பலகையைக் கோப்பவருக்கு ஒரு நடைமுறை வரிசை கிடைக்கிறது. வழக்கமாக உறையின் நிறத்திலும் சுவிட்சின் ஒலியிலும் தொடங்கும் தேர்வைத் தலைகீழாக்குவதே அது.

முதலில் எழுத்து. எந்த மொழிகளில் எழுதப்போகிறோம், அவற்றுக்கு எந்த அமைப்பைக் கற்கப்போகிறோம் என்பது முடிவாக வேண்டும். ரெமிங்டன் அமைப்பில் ஏற்கெனவே தேர்ந்த விரல் உடையவர் அதைத் தொடர்வதில் இழுக்கில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இன்ஸ்கிரிப்ட் பல மொழிகளின் வாயிலை ஒரே உழைப்பில் திறக்கும். தமிழில் மட்டும் எழுதுபவருக்குத் தமிழ்99 பொருந்தும்.

அடுத்தது அளவு. தேர்ந்த அமைப்பின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, வாங்கக் கருதும் பலகையில் அதன் எல்லா எழுத்துகளுக்கும் விசை உண்டா என்று எண்ணிப் பார்ப்பது போதும். 65 விழுக்காடு, 75 விழுக்காடு, 87 விசைப் பலகைகள் இச்சோதனையில் பெரும்பாலும் தேறும்.

மூன்றாவது சுவிட்ச். பற்றவைப்பின்றிக் கழற்றி மாற்றத்தக்க குதைகளுடைய மின்சுற்றுப் பலகையைத் தேர்ந்தால் இம்முடிவில் தவறினாலும் இழப்பு சிறிது. நூலகத்திலும் விடுதி அறையிலும் எழுதுபவர் நீல வகையைத் தவிர்ப்பது அருகிருப்போருக்குச் செய்யும் மரியாதை.

நான்காவது விசைமூடி. எழுத்து வரிசையை மாற்றிப் பழக விரும்புபவர், எல்லா வரிசைகளிலும் ஒரே உயரமுடைய மூடிகளைத் தேர்வது நல்லது. வரிசைக்கு வரிசை சாய்வு மாறும் மூடிகளை இடம் மாற்றினால் பலகை மேடுபள்ளமாகும். உறை, நிறம், எடை ஆகியவை இறுதியில் வரட்டும். அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

இந்திய மொழிகளில் ஆய்வேடு எழுதும் மாணவருள் பலர் இன்றும் தம் மொழியை ஆங்கில எழுத்துகளின் வழியாகவே கணினிக்குள் செலுத்துகின்றனர். அவர்கள் மொழிக்கென 1986இலேயே ஒரு விசை அமைப்பு வகுக்கப்பட்டதைப் பல பாடத்திட்டங்கள் அவர்களுக்குச் சொல்வதில்லை. தேர்வாணையமும் ஆலையும் முடிவு செய்த காலத்தில் தட்டச்சருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. ஒரு மாதச் சேமிப்பைச் செலவிட்டுத் தமக்கென ஒரு பலகை கோக்கும் மாணவர், கடையின் பட்டியலைத் திறக்கும் முன் தம் மொழியின் விசை அமைப்பை ஒரு தாளில் வரைந்துகொள்வாராயின், நீண்டகாலமாகப் பிறர் செய்துவந்த தேர்வு ஒன்றை அவர் தம் கைக்கு எடுத்துக்கொண்டவர் ஆவார்.